வரவும் செலவும்: தாட்சர் அம்மையாரின் பொருளாதாரப் பேரேடு

ஒருவர் தமக்குப் பின் விட்டுச் செல்வனவற்றை எச்சம் என்று கூறுவது தமிழ் வழக்கு. ஆங்கிலத்தில் ‘லெகசி’ எனப்படுவதும் ஏறத்தாழ இதுவேயாம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு, இச்சொல்லைத் தமிழில் பெயர்க்க நேரும்போதெல்லாம் ஒரு தயக்கம் எழுவதுண்டு. சொத்து என்று எழுதினால் கடன் விடுபட்டுப் போகிறது. மரபு என்று எழுதினால் கணக்கே விடுபட்டுப் போகிறது. தந்தை வைத்துப்போன நிலத்தோடு, அந்நிலத்தின்மீது அவர் வாங்கிய கடனும் மக்களைச் சேரும் என்பதை நம் குடும்பங்கள் நன்கு அறியும். நாடாண்டவர்கள் விட்டுச் செல்வதும் அவ்வாறானதே. அத்தகைய ஓர் எச்சத்தைப் பற்றி இன்றுவரை தீராதிருக்கும் ஒரு வழக்கையே இவ்வுரையில் எடுத்துக்கொள்ளுகிறேன்.

பிரிட்டனின் முதற் பெண் பிரதம மந்திரியாகிய மார்கரெட் தாட்சர் அம்மையார் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள் காலமானார். அம்மாதம் 17ஆம் நாள் லண்டன் மாநகரின் செயின்ட் பால் பேராலயத்தில், எலிசபெத் அரசியார் நேரில் வந்திருக்க, படை மரியாதைகளுடன் இறுதி வழிபாடு நிகழ்ந்தது. அதே நாளில் தெற்கு யார்க்‌ஷயரில் கோல்ட்தார்ப் என்னும் பழைய சுரங்க ஊரில் மக்கள் அவருடைய உருவப் பொம்மையை வீதியில் இழுத்துச் சென்று தீயிட்டனர். பதவி துறந்து இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரே தலைவருக்கு ஓரிடத்தில் பேராலய மரியாதையும் மற்றோரிடத்தில் தீயும் கிடைத்தன. இதற்குக் காரணம் என்ன? அவர் போற்றப்படுவதும் தூற்றப்படுவதும் பெரும்பாலும் அவருடைய பொருளாதாரக் கொள்கையின் பொருட்டேயாதலால், அக்கொள்கையின் வரவையும் செலவையும் நாம் பொறுமையாகக் கூட்டிப் பார்த்தல் வேண்டும்.

அம்மையார் 1925இல் லிங்கன்‌ஷயரைச் சேர்ந்த கிராந்தம் நகரில் ஒரு மளிகை வணிகரின் மகளாகப் பிறந்தவர். வரவுக்குள் செலவு செய்தல், கடனுக்கு அஞ்சுதல், உழைத்து முன்னேறுதல் ஆகியவை அவர் இளமையில் கற்ற பாடங்கள். நாட்டின் வரவு செலவையும் இல்லத்தரசியின் வரவு செலவோடு ஒப்பிட்டுப் பேசுவது அவர் வழக்கம். இவ்வொப்புமையில் ஓரளவு உண்மை உண்டு. ஓரளவு குறையும் உண்டு. இல்லத்தரசி செலவைக் குறைத்தால் அவ்வீட்டின் வரவு குறைவதில்லை. ஒரு நாட்டிலோ, ஒருவருடைய செலவே மற்றொருவருடைய வரவு. அவரைப் பற்றிய வழக்கின் பெரும்பகுதி இவ்விடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

அவர் ஆட்சியேற்ற காலத்தில் பிரிட்டன் எந்நிலையில் இருந்தது என்பதை மறைத்துவிட்டு அவரை மதிப்பிடுதல் நேர்மையாகாது. 1975ஆம் ஆண்டில் விலைவாசி ஆண்டுக்கு 24 விழுக்காடு வீதம் ஏறியது. 1976இல் தொழிற்கட்சி அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்திடம் 390 கோடி டாலர் கடன் கேட்டு, அதற்கு ஈடாகப் பொதுச் செலவைக் குறைக்க இசைந்தது. 1978ஆம் ஆண்டின் இறுதியிலும் 1979ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் லாரி ஓட்டுநர், மருத்துவமனை ஊழியர், துப்புரவுத் தொழிலாளர் எனப் பலரும் வேலைநிறுத்தம் செய்தனர். தெருக்களில் குப்பை குவிந்தது. லிவர்பூலில் சில நாட்கள் பிணங்களைப் புதைப்பதற்கும் ஆளில்லாமற் போயிற்று. ஆகவே 1979 மே மாதத்தில் கன்சர்வேடிவ் கட்சிக்கு வாக்களித்த மக்கள் ஒரு தத்துவத்திற்காக வாக்களித்தனர் என்பதைவிட, இந்நிலை மாறவேண்டும் என்று வாக்களித்தனர் என்பதே பொருந்தும்.

புதிய அரசாங்கம் பணவீக்கத்தையே முதற் பகையாகக் கொண்டது. புழக்கத்திலுள்ள பணத்தின் அளவைக் கட்டுப்படுத்தினால் விலைகள் தாமே கட்டுப்படும் என்ற மில்ட்டன் ஃபிரீட்மன் முதலியோரின் கொள்கையை அது பின்பற்றியது. 1979 நவம்பரில் மைய வங்கியின் வட்டி வீதம் 17 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. வருமான வரியின் உச்ச வீதம் 83 விழுக்காட்டிலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. அதை ஈடுகட்டுவதற்காக எல்லாரும் செலுத்தும் மதிப்புக் கூட்டு வரி 8 விழுக்காட்டிலிருந்து 15 ஆக உயர்ந்தது. அன்னியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் அவ்வாண்டு அக்டோபரில் அடியோடு நீக்கப்பட்டன.

இவற்றின் விளைவு உடனே தெரிந்தது. வடகடல் எண்ணெயின் வலிமையும் உயர்ந்த வட்டியும் சேர்ந்து பவுண்டு நாணயத்தின் மதிப்பை ஏற்றின. 1980இன் இறுதியில் ஒரு பவுண்டு 2.40 டாலர் அளவில் நின்றது. ஏற்றுமதியை நம்பியிருந்த ஆலைகளால் அதைத் தாங்க முடியவில்லை. 1979க்கும் 1981க்கும் இடையில் ஆலை உற்பத்தி ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சரிந்தது. இத்தகைய மந்தத்தின் நடுவில், 1981 மார்ச்சில் நிதி மந்திரி ஜெஃப்ரி ஹவ் வரிகளை மேலும் உயர்த்தினார். அப்போது 364 பொருளாதார அறிஞர்கள் ஒன்றுகூடிக் கையொப்பமிட்டு, இக்கொள்கைக்குப் பொருளியலில் ஆதாரமில்லை என்று அறிக்கை வெளியிட்டனர்.

இரு தரப்பாரும் தத்தமக்குச் சாதகமாக இந்நிகழ்ச்சியையே எடுத்துக் காட்டுவர் என்பது வியப்புக்குரியது. அறிக்கை வெளிவந்த சில மாதங்களிலேயே உற்பத்தி மீண்டும் வளரத் தொடங்கிவிட்டது. எனவே அறிஞர் தோற்றனர், அம்மையார் வென்றார் என்பர் ஆதரவாளர். வேலையில்லாதோர் தொகையோ 1979 மே மாதத்தில் சுமார் 13 இலட்சமாக இருந்தது. 1982 ஜனவரியில் 30 இலட்சத்தைத் தாண்டி, 1987ஆம் ஆண்டுவரை பெரும்பாலும் அவ்வளவிலேயே நின்றது. எனவே அறிஞர் கூற்றே மெய்யாயிற்று என்பர் எதிர்ப்பாளர். இருவர் காட்டும் எண்களும் சரியானவையே. ஒருவர் உற்பத்தியை எண்ணுகிறார். மற்றவர் மனிதர்களை எண்ணுகிறார்.

பணவீக்கத்தைப் பொறுத்தமட்டில், 1980இன் நடுவில் 20 விழுக்காட்டை மீறிய வீதம் 1983இல் 5 விழுக்காட்டுக்கும் குறைந்தது. இது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பண அளவிற்கென அரசாங்கமே குறித்த இலக்குகள் பெரும்பாலும் எட்டப்படவில்லை என்பதையும், விலையை அடக்கியதில் வேலையின்மைக்கும் உயர்ந்த பவுண்டுக்கும் பெரும்பங்கு உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. பின்னர் நைஜல் லாசன் நிதி மந்திரியாக இருந்தபோது கடனும் வீட்டு விலைகளும் கட்டுக்கடங்காமல் பெருகின. 1988இல் உச்ச வரி வீதம் 40 விழுக்காடாகக் குறைந்தது. 1990ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் பணவீக்கம் மீண்டும் 10.9 விழுக்காட்டை எட்டியது. அம்மையார் பதவியேற்றபோதும் அது 10 விழுக்காட்டை ஒட்டியே இருந்தது என்பது நினைவிற் கொள்ளத் தக்கது.

இனி, மிகுந்த கசப்பை விளைவித்த நிலக்கரிச் சுரங்கப் போராட்டத்துக்கு வருவோம். 1984 மார்ச்சில், 20 சுரங்கங்களை மூடி 20,000 பேரைக் குறைக்கும் திட்டம் வெளியானதும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர்தர் ஸ்கார்கில் தலைமையிலிருந்த சங்கம் நாடு தழுவிய வாக்கெடுப்பை நடத்தாமலே போராட்டத்தில் இறங்கியது. நாட்டிங்காம்‌ஷயர் தொழிலாளருள் பெரும்பாலோர் அதில் சேராமல் வேலையைத் தொடர்ந்தனர். அரசாங்கமோ முன்னேற்பாடாக மின்நிலையங்களில் நிலக்கரியைக் குவித்து வைத்திருந்தது. ஓராண்டுப் போராட்டத்திற்குப் பின் 1985 மார்ச்சில் தொழிலாளர் வெறுங்கையோடு வேலைக்குத் திரும்பினர். பிரிட்டனின் கடைசி ஆழ் சுரங்கமாகிய கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது.

ஈண்டு ஆதரவாளர் எழுப்பும் ஒரு வினா வலிமையுடையது. 1960களில் தொழிற்கட்சியின் ஹரால்டு வில்சன் பிரதம மந்திரியாக இருந்தபோது மூடப்பட்ட சுரங்கங்கள், தாட்சர் காலத்தில் மூடப்பட்டவற்றைக் காட்டிலும் அதிகம். அவ்வாறிருக்க, வில்சனை எவரும் வெறுக்காதபோது இவரை மட்டும் வெறுப்பது ஏன்? இதற்கு விடை சுரங்கத்தினுள் இல்லை. அதன் வெளியே இருக்கிறது. 1960களில் ஒரு சுரங்கம் மூடினால் பக்கத்துச் சுரங்கத்திலோ அண்டையிலுள்ள ஆலையிலோ வேலை கிடைத்தது. 1980களில் அந்த ஆலையும் மூடிக் கிடந்தது. டர்ஹாம் மாவட்டத்தில் கான்செட் என்னும் ஊர் 140 ஆண்டுகளாக இரும்பாலையை நம்பி வாழ்ந்தது. 1980 செப்டம்பரில் அவ்வாலை மூடப்பட்டபோது ஏறத்தாழ 3,700 பேர் வேலையிழந்தனர். அவ்வூரில் அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. சுரங்க வட்டாரங்களை ஆராய்ந்த ஷெஃபீல்டு ஹாலம் பல்கலைக்கழக அறிஞர்கள், வேலையிழந்தோருள் பலர் பின்னர் உடல்நலமற்றோருக்கான உதவித்தொகைப் பட்டியலுக்குச் சென்றுவிட்டதால், வேலையற்றோர் கணக்கில் அவர்கள் தோன்றவே இல்லை என்று காட்டியுள்ளனர். ஏட்டிலிருந்து மறைந்த கடன் வீட்டிலிருந்து மறைந்துவிடவில்லை.

பொதுத்துறையை விற்றதே அவருடைய ஆட்சியின் மற்றொரு முத்திரை. 1979இல் நாட்டின் உற்பத்தியில் சுமார் பத்தில் ஒரு பங்கு அரசுடைமைத் தொழில்களில் இருந்தது. 1984 நவம்பரில் பிரிட்டிஷ் டெலிகாம் நிறுவனத்தின் பாதிக்கு மேற்பட்ட பங்குகள் விற்கப்பட்டன. இருபது இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அவற்றை வாங்கினர். 1986இல் எரிவாயு, 1987இல் விமானப் போக்குவரத்து, 1988இல் எஃகு, 1989இல் குடிநீர், 1990இல் மின்சாரம் என விற்பனை தொடர்ந்தது. அவர் கட்சியின் முதுபெருந் தலைவரான ஹரால்டு மாக்மில்லனே இதனைக் குடும்பத்து வெள்ளிப் பாத்திரங்களை விற்பதற்கு ஒப்பிட்டுக் குறைகூறினார்.

இவ்விற்பனைகள் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்தல் கூடாது. தொலைபேசி இணைப்புக்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்துக் கிடந்த அனுபவம் நம் நாட்டாருக்கும் புதிதன்று. அத்துறையில் பிரிட்டனில் போட்டிக்கு வழி திறந்தது, சேவையும் சிறந்தது. விமானத் துறையிலும் இவ்வாறே. ஆனால் குடிநீர்க் குழாய் ஒரு வீட்டிற்கு ஒன்றுதான் வரும். அதில் போட்டி எங்ஙனம் பிறக்கும்? இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் நீர் நிறுவனங்களை விற்குமுன் அவற்றின் கடன் 500 கோடி பவுண்டை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. 2020களில் அவற்றின் மொத்தக் கடன் 6,000 கோடி பவுண்டுக்கும் மேலாகிவிட்டது. பங்குதாரருக்கு இலாபப் பகிர்வு ஒருபுறம் நிகழ, ஆறுகளிற் கழிவுநீர் கலப்பது மறுபுறம் நாட்டின் பெரும் பூசலாயிற்று. போட்டி உள்ள இடத்தில் தனியார் உடைமை பயன் தந்தது. போட்டிக்கு இடமில்லாத துறையில் ஏகபோகம் கைமாறியதேயன்றி ஒழியவில்லை. ஆதரவாளர் தொலைபேசியையும் எதிர்ப்பாளர் குடிநீரையும் எடுத்துப் பேசுவதால்தான் இருவரும் ஒருவரையொருவர் வெல்ல இயலாதிருக்கின்றனர்.

வீட்டு வசதியிலும் இரட்டைப் பயனையே காண்கிறோம். 1980ஆம் ஆண்டுச் சட்டம், நகராட்சி வீடுகளில் குடியிருந்தோர் அவற்றைத் தள்ளுபடி விலையில் வாங்கும் உரிமையை வழங்கியது. 1990க்குள் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகள் விற்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக வாடகை கொடுத்து வாழ்ந்த தொழிலாளி தன் வீட்டுக் கதவுக்குத் தனக்குப் பிடித்த வண்ணம் பூசினான். அம்மகிழ்ச்சியைக் குறைத்துப் பேசுதல் தகாது. ஆனால் விற்ற பணத்தைக் கொண்டு புதிய வீடுகள் கட்ட உள்ளாட்சிகளுக்குத் தாராளமாக அனுமதி தரப்படவில்லை. வாங்கியவர் பெற்ற பேற்றின் விலையை, பின்னர் வீடு தேடி வந்தவர் கொடுத்தார். ஸ்காட்லாந்து 2016இலும் வேல்ஸ் 2019இலும் இவ்வுரிமையை நீக்கிவிட்டன.

செல்வம் பகிரப்பட்ட முறையைக் காட்டும் அளவை ஒன்று உண்டு. அது ‘ஜினி’ எண் எனப்படும். எல்லாரும் சமவருமானம் பெற்றால் அது சுழியாகவும், ஒருவரே அனைத்தையும் பெற்றால் ஒன்றாகவும் இருக்கும். பிரிட்டனில் 1979இல் சுமார் 0.25 ஆக இருந்த அவ்வெண் 1990இல் சுமார் 0.34 ஆயிற்று. இத்துணைக் குறுகிய காலத்தில் இத்துணை ஏற்றம் வளர்ந்த நாடுகளில் அரிது. முதியோர் ஓய்வூதியத்தைச் சம்பள உயர்வோடு பிணைத்திருந்த ஏற்பாடு 1980இல் கைவிடப்பட்டு, விலைவாசியோடு மட்டும் பிணைக்கப்பட்டதும் இதற்கு ஒரு காரணமாகும். ஏழைகளும் முன்னைவிடச் சிறிது முன்னேறினார்களே என்பது ஆதரவாளர் மறுமொழி. ஆயின், செல்வர் பலமடங்கு விரைவாக முன்னேறினர் என்பதை அவர்களும் மறுப்பதில்லை.

வாதங்களை இவ்வளவில் நிறுத்தி, ஓர் ஊரை மட்டும் உற்று நோக்குவோம். வடகிழக்கு இங்கிலாந்தில் வியர் ஆற்றின் முகத்துவாரத்தில் அமைந்த சண்டர்லாண்டு, கப்பல் கட்டுவதற்குப் பல நூற்றாண்டுகளாகப் பேர்பெற்ற நகரம். 1984இல் ஜப்பானின் நிஸான் நிறுவனம் அங்கு மோட்டார் வாகனத் தொழிற்சாலை அமைக்க ஒப்பந்தம் செய்தது. 1986 செப்டம்பரில் அம்மையாரே அதனைத் திறந்துவைத்தார். ஒரே சங்கத்தோடு உடன்பாடு, புதிய பணிமுறை, உயர்ந்த உற்பத்தித் திறன் ஆகியவற்றால் அது நாட்டின் மிகப் பெரிய கார் தொழிற்சாலையாக வளர்ந்தது. 2016இல் ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்ட கார்கள் அங்கு உருவாயின. பழைய தொழில் தளர்ந்தாலும் புதிய தொழில் வரும் என்று அவர் கூறியதற்கு இது சான்று. ஆனால் அதே ஊரின் கடைசிக் கப்பல் பட்டறைகளை மூடுவதென 1988இல் அறிவித்ததும் அதே அரசாங்கந்தான். மேலும், நிஸான் தொழிற்சாலை சந்தை விதியால் மட்டும் முளைத்ததன்று; அரசாங்கத்தின் பெருந்தொகை மானியத்தையும் பெற்றே அது எழுந்தது. அரசின் கை உரிய இடத்தில் நீண்டபோது, தாட்சர் காலத்திலும் ஓர் ஊர் மீண்டும் எழ வழி பிறந்தது. கான்செட்டிற்கும் கோல்ட்தார்ப்பிற்கும் அத்தகைய ஒரு நிஸான் வரவில்லை.

அவ்வாறு கை நீட்டுவதற்குப் பொருள் இல்லை என்றும் கூற முடியாது. 1984–85ஆம் ஆண்டில் மட்டும் வடகடல் எண்ணெயிலிருந்து அரசாங்கத்திற்குச் சுமார் 1,200 கோடி பவுண்டு கிடைத்தது. பங்குகளை விற்ற பணமும் இதற்கு மேல் வந்தது. அதே கடலில் எண்ணெய் எடுத்த நார்வே நாடு 1990இல் சட்டமியற்றி, வருங்காலத் தலைமுறைக்கென ஒரு நிதியத்தை நிறுவியது; இன்று உலகின் மிகப் பெரிய அரசு நிதியங்களுள் அதுவும் ஒன்று. பிரிட்டனில் அவ்வருமானம் அன்றாடச் செலவோடு கலந்து கரைந்தது. நார்வே சிறிய நாடு, அதனோடு ஒப்பிடுதல் பொருந்தாது என்பாரும் உளர். அதில் நியாயம் உண்டு. எண்ணெய்ப் பணத்தில் ஒரு பகுதி வேலையற்றோருக்கான உதவித்தொகைக்கே சென்றது என்பாரும் உளர்; அதுவும் உண்மையே. ஆனால் வேலையின்றி இருப்பதற்குப் பணம் கொடுப்பது வேறு. வேலையை உண்டாக்கப் பணம் போடுவது வேறு.

1990இல் தலைவரி எனப்பட்ட உள்ளாட்சி வரியால் மூண்ட கொதிப்பும் ஐரோப்பியக் கொள்கை பற்றிய உட்கட்சிப் பிளவும் சேர்ந்து, நவம்பர் 28ஆம் நாள் அவரைப் பதவியினின்று நீக்கின. ஆனால் அவர் கொள்கைகள் நீங்கவில்லை. 1997இல் வென்ற டோனி பிளேரின் தொழிற்கட்சி, விற்ற தொழில்களின் மீது ஒருமுறை வரி விதித்ததேயன்றி அவற்றைத் திரும்ப வாங்கவில்லை. குறைந்தபட்சக் கூலியைச் சட்டமாக்கியதேயன்றித் தொழிற்சங்கங்களின் பழைய அதிகாரத்தைத் திருப்பித் தரவில்லை. எதிரிகளாலும் மாற்றப்படாமல் நின்றதே இக்கொள்கையின் வெற்றி என்று கருதுவதற்கு இடமுண்டு. 1986 அக்டோபரில் லண்டன் பங்குச் சந்தைக்குத் தளர்த்தப்பட்ட கட்டுப்பாடுகள் முதலாகத் தொடங்கிய போக்கே 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடிக்கு விதையாயிற்று என்று வாதிடுவோரும் உளர். இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஆண்ட மற்றவர்களின் பொறுப்பை அவர்கள் குறைத்தே மதிப்பிடுகின்றனர் என்பது என் கருத்து.

முடிவாக என்ன சொல்லலாம்? 1979இல் பிரிட்டனுக்கு இருந்த நோய் கற்பனையன்று. பல ஆலைகளும் சுரங்கங்களும் யார் ஆண்டிருந்தாலும் நெடுங்காலம் நிலைத்திரா. பின்னடைந்து வந்த பிரிட்டன், ஜெர்மனியோடும் பிரான்ஸோடும் ஒப்பிடுகையில் மேலும் பின்தங்காமல் நின்றது என்பதையும், போட்டி பெருகியதே அதற்கு ஒரு காரணம் என்பதையும் நிக்கலஸ் கிராஃப்ட்ஸ் போன்ற பொருளாதார வரலாற்றறிஞர்கள் எடுத்துக் காட்டியுள்ளனர். இவை வரவுப் பக்கத்தில் எழுதத் தக்கவை. செலவுப் பக்கத்திலோ, தொகையைக் காட்டிலும் அது யார் பெயரில் எழுதப்பட்டது என்பதே முக்கியம். வரவு நாடெங்கும் சிறிது சிறிதாகப் பரவியது; தெற்கில் சற்று மிகுதியாகவே பரவியது. செலவோ சில ஊர்களின் மீது, சில தெருக்களின் மீது, முழுப் பாரமாக விழுந்தது. கூட்டிக் கழித்து நிற்கும் மிச்சம் இலாபமாகவே இருக்கலாம். அம்மிச்சத்தில் கோல்ட்தார்ப் மக்களின் பங்கு எங்கே என்ற கேள்விக்கு அது விடையாகாது.

மாற்றம் தேவைப்படும் எந்த நாட்டுக்கும் இவ்வரலாறு ஒரு பாடத்தைத் தருகிறது. பொதுநலத்தின் பொருட்டு ஒரு தொழிலை மூடுவதோ, ஒரு காவலை நீக்குவதோ தவிர்க்க முடியாததாகலாம். அங்ஙனம் செய்யுங்கால், பயன் பெறுவோர் பலர், இழப்போர் சிலர் என்ற கணக்கோடு மன அமைதி கொள்ளுதல் ஆகாது. பயன் பெற்ற பலரிடமிருந்து ஒரு பகுதியை எடுத்து இழந்த சிலரின் ஊரில் புதிய வாழ்வை நட்ட பின்னரே அக்கணக்கு முடியும். மளிகைக் கடையில் வளர்ந்த அம்மையார், கடனைத் தீர்க்காத பேரேட்டை மூடலாகாது என்பதை இளமையிலேயே கற்றிருப்பார். நாட்டின் பேரேட்டில் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அவர் தீர்க்காமலே விட்டுச் சென்றார். அதனால்தான் வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.